பல்கலைக்கழக நகரமாகப் பெங்களூரு

பெங்களூருவுக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் வாய்த்தது 1964இல்தான். ஆனால் படித்தவர்களின் ஊர் என்ற பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே பரவிவிட்டது. வெளியூர்ப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களைக் கொண்டே அந்தப் பெயரை அது ஈட்டியது.

1858இல் தொடங்கிய அரசு உயர்நிலைப் பள்ளி பின்னாளில் சென்ட்ரல் கல்லூரி ஆனது. அதன் மாணவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வையே எழுதினர். விஸ்வேஸ்வரய்யா 1881இல் பி.ஏ. தேறியது இப்படித்தான். ஒசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியிலிருந்து வந்த ராஜாஜியும் இங்கே படித்தவர். கண்டோன்மென்ட் பக்கம் வேறொரு உலகம். 1809இல் ஆங்கிலேயப் படைக்காக அமைந்த அப்பகுதியில், படையை ஒட்டி வந்த தமிழர் பெருமளவில் குடியேறினர். அதன் தென்புறத்து நீலசந்திராவில் இன்றும் தமிழ் தெருப்பேச்சாக இருக்கிறது. பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிமார் 1882இல் நிறுவிய செயின்ட் ஜோசப் கல்லூரி இந்தப் பக்கத்துக்கு உரியது.

ஊரின் புகழை நாடறியச் செய்தது இந்திய அறிவியல் கழகம். ஊரார் அதை ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்றே அழைத்தனர். ஜாம்ஷெட்ஜி டாடாவின் திட்டத்துக்கு இடம் தேடியபோது, வேதியியலறிஞர் வில்லியம் ராம்சே பெங்களூருவைப் பரிந்துரைத்தார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரின் இதமான காற்றைக் காரணமாகச் சொல்வது வழக்கம். மைசூர் அரசு மனமுவந்து அளித்த 371 ஏக்கர் நிலத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டாடா இறந்து ஐந்தாண்டு கழித்து, 1909இல் கழகம் பிறந்தது. 1911இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். 1933இல் சி.வி. ராமன் அதன் முதல் இந்திய இயக்குநரானார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹோமி பாபாவும் விக்ரம் சாராபாயும் இங்கே ஆய்வு செய்தனர். பின்னாளில் இந்தியாவின் அணு ஆய்வுக்கும் விண்வெளி ஆய்வுக்கும் வழிவகுத்தவர்கள் இந்த இருவரே.

1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியதும் தலைமையகம் மைசூருக்குப் போயிற்று. ஆனால் அறிவியல் படிப்பில் சென்ட்ரல் கல்லூரியே முன்னின்றது; 1917இல் பொறியியல் கல்லூரியும் பெங்களூருவிலேயே திறக்கப்பட்டது. இந்த இரு கல்லூரிகளையும் அடித்தளமாகக் கொண்டு 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் உருவானது. ஊர்நடுவில் இடம் போதாமல், நகரின் மேற்கு விளிம்பில் ஞானபாரதி என்ற பெரிய வளாகத்தை அது அமைத்துக்கொண்டது. அதன்பின் மாணவர் வாழ்க்கை கடைத்தெருவை விட்டு விலகிற்று. ஊரோடு கல்லூரி கலந்திருந்த பழைய அழகில் ஒரு பங்கு அப்போதே போயிற்று எனலாம்.

இணைப்புக் கல்லூரிகள் பெருகிச் சுமை கூடவே, 2017இல் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நகர மையத்துக்கான பிரிவு சென்ட்ரல் கல்லூரி வளாகத்தில் அமைந்தது. நீலசந்திராவுக்கு அருகே லாங்ஃபோர்டு சாலையில் இயங்கிவந்த செயின்ட் ஜோசப் கல்லூரி 2022இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.