தமிழ்ச் சட்டச் சொற்கள்: அடுக்குகளும் பொருள் மாற்றமும்

நீதிமன்றத் தமிழில் இன்று வழங்கும் சொற்கள் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. பழந்தமிழ், வடமொழிச் சொற்கள் ஓர் அடுக்காகவும், பாரசீக, அரபுச் சொற்கள் மற்றோர் அடுக்காகவும், இருபதாம் நூற்றாண்டின் ஆக்கச் சொற்கள் மூன்றாம் அடுக்காகவும் அமைந்துள்ளன.

முதல் அடுக்கிற்கு ‘வழக்கு’ தக்க சான்றாகும். இலக்கணத்தில் இது மொழிப் பயன்பாட்டைக் குறிக்கும். திருக்குறளுரையின் பாயிரத்தில் பரிமேலழகர், ஒரு பொருளை எனது எனது என்பார் தம்முள் மாறுபட்டு அதன்மேற் செல்வதை வழக்கு என்கிறார். நெடுங்காலம் வழங்கிவந்த முறையே உரிமைப் பூசலுக்கு அளவுகோல் ஆதலின் இவ்விரு பொருள்களும் தொடர்புடையனவே. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையோர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைச் சான்றாகக் கேட்கின்றனர். மூல ஓலை, படி ஓலை என்னும் வேறுபாடும் அங்கே காணப்படுகிறது. பிற்கால ‘அசல்’, ‘நகல்’ குறிக்கும் கருத்து தமிழுக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் அடுக்கு இசுலாமிய அரசுகளின் ஆட்சி வழக்கிலிருந்து வந்து, கும்பினியார் காலத்தில் நிலைபெற்றது. சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் முன்சீப் பதவியை ஊர்தோறும் அறிமுகமாக்கின. மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862இல் வெளியிட்டார்.

இவ்வடுக்கின் சொற்கள் மூலப்பொருளோடு நின்றுவிடவில்லை. முறையீட்டுக் குரலைக் குறித்த பாரசீகச் சொல் ‘பிராது’ எனத் திரிந்து புகார் மனுவாயிற்று. வாக்குறுதியைக் குறித்த ‘வாய்தா’ வழக்கு ஒத்திவைக்கப்படும் நாளாயிற்று. அரபியில் ‘ஜாமீன்’ என்பது பொறுப்பேற்கும் ஆளையே குறிக்கும். இந்தியில் ஆளுக்கும் ஏற்பாட்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழிலோ ஏற்பாடே ஜாமீன் ஆகிவிட்டமையின், ஆளைக் குறிக்க ‘ஜாமீன்தார்’ வேண்டப்பட்டது.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் மூன்றாம் அடுக்கு வளர்ந்தது. வழக்குரைஞர், பிணை, ஆட்கொணர்வு மனு முதலியன வேரூன்றின. ஆங்கிலச் சொல்லின் திரிபான ‘உயில்’ மட்டும் தமிழ் ஒலியமைதி பெற்றுவிட்டதால் இன்றும் பெயராமல் நிற்கிறது.

எனினும், சொல்லின் பிறப்பினும் பொருள் வரையறையே மொழிபெயர்ப்பாளருக்கு முதன்மையானது. குற்றவியல் மன்றத்தில் ‘எதிரி’ என்பது குற்றம் சாட்டப்பட்டவரைச் சுட்டும். எதிர்நிற்பவர் என்பதே அதன் அடிப்படைப் பொருள். பொதுவழக்கிலோ அது பகைவரைக் குறிக்கும். தீர்ப்புக்கு முன்பே ஒருவரைக் ‘குற்றவாளி’ என்று எழுதுவது, குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை அவர் குற்றமற்றவரே என்னும் நெறியைச் சிதைக்கிறது. ‘விடுதலை’ என்னும் ஒரு சொல்லே குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெறுவதையும், தண்டனை முடிந்து சிறையிலிருந்து வெளிவருவதையும் குறிக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு மனிதரின் நற்பெயரே அடங்கியுள்ளது.

கீழமை நீதிமன்றத்தில் தமிழில் பதிவாகும் சாட்சியம், மேல்முறையீட்டில் ஆங்கிலமாக்கப்படுகிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழாக்கப்பட்டு மீண்டும் மக்களை அடைகின்றன. இவ்விருவழிப் பயணத்தில் பொருள் மாறாதிருக்க, பழஞ்சொல்லாயினும் புதுச்சொல்லாயினும் ஒரு கருத்திற்கு ஒரு சொல்லே வரையறையுடன் ஆளப்படுதல் வேண்டும். சட்டச் சொல்லகராதிகள் நிகர்ச்சொல்லை மட்டும் தராது, பொருள் எல்லையையும் வழங்குமிடத்தையும் சுட்டுதல் இன்றியமையாததாகும்.