சிம் இருந்த போனும் சிம் இல்லாத போனும்

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போனால் கூனிமேட்டுக்கு முன்னால் வருவது அனுமந்தை. கடலோரத்தில் குப்பம், சாலையை ஒட்டி ஊர். வட்டாரத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்தவை மரக்காணம் உப்பளங்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்குச் செல்போன் எப்படி வந்தது என்று கேட்டால், விலை இறங்கியது, வந்தது என்பார்கள். அது பாதிக் கணக்கு. 2003-இல் முன்பணம் 501 ரூபாய்க்கு ஒரு போன் கிடைத்தது. அதே ஆண்டுக் கடைசியில் இன்னொரு போன் வந்தது. அதற்குச் சில ஆயிரம் ரூபாயை மொத்தமாக எண்ணி வைக்க வேண்டும். நிலைத்தது இரண்டாவதுதான். ஏன் என்பதற்கான விடை போனின் முதுகில், பேட்டரிக்கு அடியில் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலாவது ரிலையன்ஸ் போன். 2002 டிசம்பர் கடைசியில் தொடங்கிய சேவை, 2003 ஜூலையில் 'மான்சூன் ஹங்காமா' என்ற திட்டத்தால் வீடு வீடாக நுழைந்தது. முதலில் 501 ரூபாய், மிச்சம் மாதாமாதம். கையில் கொடுத்தது எல்ஜி, சாம்சங் நிறுவனங்களின் சிடிஎம்ஏ செட்டுகள். சிம் கார்டு கிடையாது. போன் எண்ணைக் கம்பெனியே செட்டுக்குள் பதிந்து தரும். செய்தியும் கிரிக்கெட் ஸ்கோரும் பார்க்க ஆர்-வேர்ல்டு உண்டு. இரண்டாவது நோக்கியா 1100, சிம் போடும் ஜிஎஸ்எம் போன். 2003 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைத் திரை, ஐம்பது குறுஞ்செய்திக்கு இடம், பாம்பு விளையாட்டு, தலையில் ஒரு டார்ச். கேமரா இல்லை, இணையம் இல்லை. வசதிகளை எண்ணினால் ரிலையன்ஸ் பட்டியல்தான் நீளம். ஆனால் உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது இந்த 1100. நோக்கியாவின் நூறாவது கோடி போனும் இதுவே. 2005-இல் நைஜீரியாவில் விற்றது.

உப்புக்கு வருடம் முழுக்க வேலை கிடையாது. தை பிறந்து பாத்திகளைச் செப்பனிட்டு, வெயில் ஏற ஏற வாரத் தொடங்கினால், ஐப்பசி அடைமழையில் அளம் குளமாகிவிடும். பிறகு வெயில் வரும்வரை கை கட்டித்தான் இருக்க வேண்டும். இப்போது தமிழக அரசே அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது என்றால், அந்த இடைவெளி எவ்வளவு ஆழம் என்று புரியும். மாத பில் என்பது மாதச் சம்பளக்காரருக்காக யோசிக்கப்பட்ட ஏற்பாடு. ஆடியில் வரும் அதே பில் கார்த்திகையிலும் வரும். நாடு முழுக்கவே அந்தத் திட்டத்தில் பில் வசூலாகாமல் ஏராளமான இணைப்புகளைத் துண்டிக்க வேண்டி வந்தது. அதை வாடிக்கையாளரின் ஏமாற்று என்று மட்டும் பார்ப்பது அவசரத் தீர்ப்பு. 1100 வாங்கியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. செட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று, அது அவருடையது. காசு இருந்தால் பத்து ரூபாய்க்கு டாப்-அப். இல்லாவிட்டால் மிஸ்டு கால். 2003 மே முதல் வருகிற அழைப்புக்குக் காசில்லை என்று ஆனதால், பைசா இல்லாத போனும் மணி அடித்தது.

அடுத்தது காற்று. கடலோரத்தில் இரும்பு எதுவும் அதிக நாள் இரும்பாக இருக்காது. உப்பளத்திலோ கையே உப்பு. 1100-இன் கீபேட் ஒரே ரப்பர் விரிப்பாக மூடியிருப்பதும், பக்கவாட்டில் வழுக்காத பிடியும், சி பட்டனை அழுத்திப் பிடித்தால் எரியும் டார்ச்சும் தூசியும் ஈரமும் இருட்டும் உள்ள நாடுகளை நினைத்துச் செய்தவை. வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே பாத்தியில் இறங்குகிறவருக்கு அந்த டார்ச் ஒன்றே பாதி விலை பெறும். ஆனாலும் உப்புக்காற்று எந்த போனையும் விடாது. பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி தொடும் முனைகளில் பச்சை பூத்திருக்கும். கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றி, போர்டைத் தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, விளக்குச் சூட்டில் காயவைத்து மாட்டுவார். கீபேட் விரிப்பு தனியாகக் கிடைக்கும், பேனல் தனியாகக் கிடைக்கும், பிஎல்-5சி பேட்டரி பெட்டிக்கடையில்கூடத் தொங்கும். 2007-இல் அந்த பேட்டரியில் 4.6 கோடி சூடாகிப் பழுதாகலாம் என்று நோக்கியாவே எச்சரித்தபோது நாடெங்கும் கிளம்பிய பீதியே, அது எத்தனை சட்டைப்பைகளில் இருந்தது என்பதற்குச் சாட்சி. போன் கடையில் கிடக்கும் நாளில் சிம்மை உருவி அண்ணன் போனில் போட்டுக்கொள்ளலாம். சிடிஎம்ஏ செட்டில் போர்டு போனால் எண்ணும் அதோடு போயிற்று. வேறு செட்டில் அதை ஏற்றித் தரக் கம்பெனிக் கடைதான் கதி. விற்கவும் முடியாது, ஏர்செல்லுக்கோ பிஎஸ்என்எல்லுக்கோ மாறவும் முடியாது. ரிலையன்ஸ் பின்னால் ப்ரீபெய்டு கொண்டுவந்தபோதும் இந்தக் கட்டு அவிழவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கட்டணம் இறங்கியதே ரிலையன்ஸால்தான், அது வராவிட்டால் 1100-ஐ வாங்கி என்ன செய்திருப்பார்கள் என்பது. உண்மைதான். தபால் கார்டைவிட மலிவாகப் பேச வைப்போம் என்று இறங்கியவர்கள் மற்றவர்களையும் இறக்கினார்கள். அவர்கள் நுழைந்த வழியே வேடிக்கையானது. சிடிஎம்ஏ அப்போது சட்டப்படி செல்போனே இல்லை. கம்பியில்லாத் தரைவழி போன். ஒரு எஸ்டிடி கோடு எல்லைக்குள் மட்டும் நடமாட அனுமதி. மரக்காணத்தின் கோடு 04147, புதுச்சேரியினது 0413. விதியை அப்படியே பிடித்தால் மரக்காணத்துப் போன் புதுச்சேரிச் சந்தையில் ஊமையாகியிருக்க வேண்டும். அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் தந்திரத்தால் எல்லையைத் தாண்டினார்கள். 2003 நவம்பரில் ஒருங்கிணைந்த உரிமம் வந்து அந்தச் சண்டை ஓய்ந்தது. ஆக, கதவைத் திறந்தவர் ஒருவர், உள்ளே குடியேறியவர் இன்னொருவர். விலை கதவைத் திறக்கும் என்பதை நான் மறுக்கவில்லை; குடித்தனம் நடத்த வேறொன்று வேண்டும்.

கடலில் சிடிஎம்ஏ-தானே சிறந்தது என்பது இரண்டாவது மறுப்பு. சாதாரண ஜிஎஸ்எம் கோபுரம் 35 கிலோமீட்டருக்கு மேல் எட்டாது; சிடிஎம்ஏ-வுக்கு அந்த வரம்பு இல்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் மீனவருக்கு அலை உயரமும் வானிலையும் சொல்ல ஆரம்பித்த 'ஃபிஷர் ஃப்ரண்ட்' திட்டமும் டாடாவின் சிடிஎம்ஏ போனில்தான் ஓடியது. நல்ல திட்டம். ஆனால் குப்பத்து ஃபைபர் படகு பெரும்பாலும் கரைக்குப் பக்கத்திலேயே வலை போடுகிறது. அந்தத் தூரத்துக்கு ஜிஎஸ்எம் போதும். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் கேரளத்துச் சாளை மீன் சந்தைகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையும் இதற்குத் துணை. செல்போன் வந்தபின் ஊருக்கு ஊர் விலை வித்தியாசம் சுருங்கியது, விற்காத மீனைக் கொட்டுவது நின்றது. அங்கே செல்போன் பரவிய காலம் 1997 முதல் 2001 வரை. அப்போது நமது இரண்டு போன்களும் பிறக்கவே இல்லை. போன் வைத்திருந்தவர் செலவு தாங்கும் படகுக்காரர். அந்த நன்மைக்குக் கருவியின் திறமை காரணமில்லை, கரைசேருமுன் விலை கேட்க முடிந்ததே காரணம். உப்பு வாருகிற கூலியாளுக்கு அதுகூடப் பொருந்தாது. கூலியை போன் ஏற்றிவிடாது. நாளைக்கு வேலை உண்டா என்ற பதிலை வீட்டுக்குக் கொண்டுவரும். அதற்கு ஆர்-வேர்ல்டு எதற்கு?

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தது, 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடியது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸின் சிடிஎம்ஏ சேவையும் 2016 வாக்கில் அடங்கியது. அந்தச் செட்டுகள் அன்றோடு வெறும் பிளாஸ்டிக். சேவை எதுவும் இல்லாத 1100 அப்போதும் டார்ச்சாக எரிந்தது. 2017 ஜூலையில் ரிலையன்ஸ் அம்பானி சகோதரர்களில் மூத்தவர் ஜியோபோனை அறிவித்தார்: மூன்று ஆண்டு கழித்துத் திருப்பித் தரும் 1,500 ரூபாய் முன்பணம், பட்டன் வைத்த உடம்பு, டார்ச். சிம்முக்கு இடமும் இருந்தது. அதில் ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்தது.