வெடைக்கோழியும் மாட்டு ஆஸ்பத்திரியும்

காலையில் கூடையைத் தூக்கியதும் வெடைக்கோழி ஓடி வராவிட்டால், ஒரகடம் பக்கத்துப் பெண்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இன்றோ நாளையோ முட்டைக்கு வரப்போகிற கோழி அது. பருந்துக்கும் பூனைக்கும் கீரிக்கும் தப்பவைத்து வளர்த்தது. இப்போது இறகைச் சிலுப்பிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடியபடி ஒரே இடத்தில் நிற்கும். நொய் போட்டாலும் கொத்தாது, தண்ணீரில் அலகை முக்கினாலும் குடிக்காது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாட்டுக்குப் போட்ட ஊசிக்கெல்லாம் எங்கள் பதிவேட்டில் கணக்கு உண்டு. அந்தக் கோழியை மடியில் போட்டுப் பிழைக்கவைத்த பெண்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டு நவீனக் கால்நடை மருத்துவம் பிறந்ததே குதிரைக்காகவும் மாட்டுக்காகவும்தான். 1889-ல் புனேயில் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1893-ல் இமயமலையில் உள்ள முக்தேசருக்குப் போனது. அதன் தலையாய வேலை, கூட்டம் கூட்டமாக மாடுகளைச் சாய்த்த வெக்கை நோய்க்கு மருந்து காண்பது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் வந்தது. 1932-ல் ராணிப்பேட்டையில் சீரம் நிலையம் வந்ததும் வெக்கை நோயை மனதில் வைத்துத்தான். ஏர் இழுக்கிற மாடு செத்தால் நிலவரி நின்றுபோகும். கோழி செத்தால் ஒரு பெண்ணின் சிறுவாட்டுக் காசு போகும், அவ்வளவுதான். அந்தக் காசில்தான் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினார்கள், ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு வாங்கினார்கள் என்பது எந்தக் கச்சேரிக்கும் எட்டவில்லை.

1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஒரு புதுக் கொள்ளைநோய் கோழிகளை வாரிக்கொண்டு போனது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவோன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் எட்வர்ட்ஸ் என்கிற ஆய்வாளர் அதைப் பதிவு செய்தார். சென்னை மாகாணத்திலும் சீக்கிரமே தெரியவந்தது. நம் ஊரில் அதுதான் வெள்ளைக்கழிச்சல். சுண்ணாம்புபோல, சில சமயம் பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தப்பிய கோழிக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். முக்தேசரில் அய்யரும் டாப்சனும் 1940-ல் இந்த வைரஸைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்து வீரியம் குறைத்துத் தடுப்பூசி கண்டார்கள். இறக்கைக்கு அடியில் தோலின் கீழ் அரை மில்லி போட்டால் போதும். அந்த வழியில் வந்த ஊசியைத்தான் நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் போட்டேன்.

ஆனால் ஊசி இருப்பது வேறு, அது குடிசைக்கு வந்து சேர்வது வேறு. ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். ஐஸ் குறையாமல் கொண்டுவர வேண்டும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வீட்டுக்கு ஐந்தாறு கோழி, அதுவும் விடிந்தால் வேலிக்கு ஒன்று, களத்துக்கு ஒன்றாகப் போய்விடும். ஒரு கோழிக்காகக் குப்பியை உடைக்க எந்த ஆஸ்பத்திரியும் முன்வராது. பண்ணைக்காரர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, அவர்களுக்கு ஒரு குப்பி போதவே போதாது. வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். வெள்ளைக்கழிச்சல் ஒவ்வொரு மாசி, பங்குனியிலும் தெருத்தெருவாக வருகிறது.

வீட்டுப் பெண்கள் தாங்களாகவே ஒரு வைத்தியத்தைக் காத்து வந்ததற்கு இதுதான் காரணம். வல்லம் பக்கம் ஒரு பாட்டியிடம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கோழியை மடியில் உட்காரவைத்து, முதலில் கழுத்தடியில் இரைப்பையைத் தடவினார். “தொட்டுப் பாரு தம்பி. கல்லாட்டம் இருந்தா அடைச்சிருக்கு. கொழகொழன்னு இருந்து வாயில புளிச்ச நாத்தம் அடிச்சா தீனி உள்ளயே கெட்டுப்போச்சு. ஒண்ணுமே இல்லாம இருந்தாதான் எனக்கு பயம்.” அடுத்து பின்பக்கம் விரல் வைத்து, முதல் முட்டை மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். இறக்கைக்கு அடியில் உண்ணி தேடினார். கல்லூரியில் படித்த டாக்டரும் இதே வரிசையில்தான் பார்ப்பார்.

அதன்பிறகு தண்ணீர். பாலாடையால் தொண்டைக்குள் ஊற்றுகிறவர்கள் பலர். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறந்திருக்கும், ஊற்றினால் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். சீக்கில் சாகாத கோழி இதில் செத்துப்போகும். பாட்டி உப்பும் வெல்லமும் துளி கரைத்த வெதுவெதுப்பான நீரில் துணி நுனியை நனைத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தார். கோழி அதுவாக விழுங்கித் தலையை உதறும்வரை காத்திருந்தார். பிறகு அடுத்த சொட்டு. அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை பகல் முழுக்க இப்படித்தான். இராத்திரிக்கு அடுப்படியில் சாக்கு விரித்துத் தனிக்கூடை. சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி எல்லாம் வைத்து அரைத்த உருண்டை, சுண்டைக்காய் அளவில். கிட்டத்தட்ட இதே சேர்மானத்தைத் தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஊர் ஊராக எடுத்துச் சென்றார்.

அந்த உருண்டை வைரஸைக் கொல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளைக்கழிச்சல் வந்தபின் அதற்கு மருந்தே இல்லை. ஆனால் தூங்கி நிற்கிற கோழியெல்லாம் வெள்ளைக்கழிச்சல் கோழி இல்லை. கூண்டின் மர இடுக்கில் பகலில் ஒளிந்து இரவில் கடிக்கிற உண்ணியாலும் காய்ச்சல் வரும், அதிலும் பச்சையாகக் கழியும். அதற்குப் பென்சிலின் கேட்கும். மறுநாளே நொய் கொத்திய கோழிகள் உண்டு. இந்த வித்தியாசம் தெரிகிறவரை கோழி உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? அந்த அவகாசத்தைக் கொடுத்தது துணி நுனியும் பாட்டியின் பொறுமையும்தான். வருத்தமான பக்கமும் உண்டு. தெருவில் நோய் என்றதும் மிச்சக் கோழிகளை அவசரமாக விற்பார்கள், வாங்கியவர் ஊருக்கு நோயும் சேர்ந்து போகும். இருப்பதையாவது காசாக்கப் பார்க்கிற ஏழையை அதற்காகத் திட்ட எனக்கு மனம் வந்ததில்லை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. ஏரிப் பாசன வயல் மனையாகி, களம் போய், லைன் வீடுகள் எழுந்தன. கோழியின் சீக்கும் மாறியது. புழு பூச்சி கிளறித் தின்ற கோழிக்கு இப்போது கேண்டீன் மிச்சச் சோறு. அது பூசணம் பிடித்திருந்தால் இரைப்பை புளித்துவிடும். ஒருமுறை கல்லாக இறுகிய இரைப்பையோடு ஒரு வெடையைக் கொண்டுவந்தார்கள். எங்கள் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, விரற்கடை நீளம் கிழித்தார். உள்ளே பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையின் நார், சோற்றோடு திரிந்து சுருண்டு கிடந்தது. கழுவி, இரைப்பைக்கு ஒரு தையல், தோலுக்கு ஒரு தையல். அந்தக் கோழி பிழைத்தது, முட்டையும் வைத்தது.

இன்னொன்றும் மாறியது. மருமகள் முதல் ஷிப்டுக்கு விடியுமுன்னே கம்பெனி பஸ் ஏறிவிடுகிறாள். அவள் சம்பளம் நூறு கோழி தராத நிம்மதியைத் தருகிறது, அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் முக்கால் மணிக்கு ஒரு சொட்டு வைக்க வீட்டில் பாட்டி மட்டும்தான், பாட்டி இல்லாத வீட்டில் யாரும் இல்லை. ஆகவே வருமுன் காப்பதுதான் இனி வழி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவசமாக வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. வெயில் தாங்கும் டி-58 வைரஸை வைத்துக் கால்நடைப் பல்கலைக்கழகம் குருணைத் தடுப்பு மருந்தும் செய்திருக்கிறது. தீனிபோலப் போட்டால் கோழி கொத்திக்கொள்ளும், யாரும் பிடிக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து ஊர்களில் முகாம் ஐந்து மணிக்கே, கூண்டு திறக்குமுன், பஸ் வருமுன் தொடங்க வேண்டும். பத்து மணிக்கு ஐஸ் பெட்டியோடு போனால் கோழி ஏரிக்கரையில் இருக்கும், வீட்டுக்காரி அசெம்பிளி லைனில் இருப்பாள்.