பளுப் பயிற்சிக்குத் திரும்புவோர் கவனத்திற்கு: இரண்டாம் நாள் வலியும் சோர்வும்

சுங்கைப்பட்டாணி – சில மாதங்கள் ஜிம் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, ஒரு மாலை மீண்டும் பளு தூக்கியவருக்கு அன்றிரவு ஒன்றும் தெரிவதில்லை. மறுநாள் காலையில் இலேசான இறுக்கம். அதற்கும் மறுநாள்தான் சங்கதி புரிகிறது. படியில் இறங்கினால் தொடை நடுங்குகிறது. சட்டை மாட்டக் கை மேலே போக மறுக்கிறது. இனி நம் உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று அந்த வாரமே பயிற்சியைக் கைவிடுவோர் உண்டு. வலியைப் பொருட்படுத்தாமல் பழைய எடையையே தூக்கி, மருத்துவமனை வரை போவோரும் உண்டு. வலி ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

கெடாவின் தோட்டங்களில் வாழ்ந்த முந்தைய தலைமுறைக்குத் தனியாகப் பளுப் பயிற்சி தேவைப்படவில்லை. காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்ததும், செம்பனைக் குலைகளை அறுத்துத் தூக்கியதும் அன்றாட வேலை. அவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று சுங்கைப்பட்டாணி, லூனாஸ், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தாமான்களில் வசிக்கிறார்கள். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் ஷிப்டு வேலை செய்கிறார்கள். உடம்புக்குப் பளு கிடைக்கும் ஒரே இடம் இவர்களில் பலருக்கு ஜிம்தான். ஆனால் அது தொடர்ச்சியாக அமைவதில்லை. ஓவர்டைம், தீபாவளி விடுமுறை, தைப்பூச விரதம், காய்ச்சல் என்று இடைவெளி விழுந்துகொண்டே இருக்கும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, ஒரு நாள் தவறாமல் பயிற்சி செய்தவர்கள்கூட மாதக்கணக்கில் நிறுத்த வேண்டியிருந்தது.

மீண்டும் தொடங்குவது அழகுக்காக மட்டும் அன்று. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே இந்த நோய் அதிகம். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பெருமளவில் உறிஞ்சிப் பயன்படுத்துவது தசைதான் என்பதால், திரும்பி வருபவர் வலிக்குப் பயந்து நின்றுவிடுவது பெரிய இழப்பு.

வலி எங்கிருந்து வருகிறது?

லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். அது சரியன்று. பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்திற்குள்தான் உச்சத்தைத் தொடுகிறது. பழக்கமில்லாத வேலையால் தசைக்குள்ளேயே நுண்ணிய சிதைவு ஏற்படுவதே இந்தத் தாமத வலிக்குக் காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதினார். அந்தச் சிதைவைத் தொடர்ந்து உடல் மேற்கொள்ளும் சீரமைப்பில் நரம்பு முனைகள் கூருணர்வு பெறுவதாக இன்று விளக்கப்படுகிறது. பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள்களில் வலி அடங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, பளுவைத் தூக்கும்போதைவிட இறக்கும்போதுதான் இந்தச் சிதைவு அதிகம் என்பது. இறக்கும்போது தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்குகிறது. 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராயில் நடந்து ஏறி இறங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் இரண்டு நாள் தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது இறக்கம்தான்.

பலம் இருக்கிறது, காப்பு இல்லை

ஒருமுறை இந்த வலியைக் கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையால் அவ்வளவு வலிப்பதில்லை. பயிற்சி தரும் காப்பு அது. நீண்ட நாள் நிறுத்தினால் காப்பு தேய்ந்து மறைந்துவிடும். பலமோ அவ்வளவு விரைவில் குறைவதில்லை; இரண்டு மூன்று வார ஓய்வில் பெரிய மாற்றம் இராது. பளு தூக்கும் முறையும் நரம்புகளுக்கு மறப்பதில்லை. திரும்பி வருபவர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பழைய எடையைத் தூக்க அவரால் முடியும். அதன் பின்விளைவைத் தாங்கத் தசை ஆயத்தமாக இல்லை. முதன்முறையாக ஜிம்முக்கு வருபவரால் அவ்வளவு எடையைத் தூக்க முடியாது என்பதால், பழையவருக்கே ஆபத்து கூடுதல்.

ஆறுதலான செய்தியும் உண்டு. பயிற்சியால் தசை நார்களில் கூடிய உட்கருக்கள், பயிற்சி நின்ற பிறகும் மறையாமல் இருந்ததை ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் எலிகளிடம் கண்டறிந்தனர். இழந்த தசையை மீட்பது, புதிதாக வளர்ப்பதைவிட எளிது என்பது பயிற்சியாளர்களின் அனுபவமும்கூட.

எப்படித் தொடங்கலாம்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டாளர்களுக்காக 2019-இல் வெளியான வழிகாட்டி, ஓய்வுக்குப் பின் உடல்திறன் பயிற்சியின் அளவை முதல் வாரம் 50, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 10 விழுக்காடு குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. மற்றவர்களும் இதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். முன்பு 60 கிலோ தூக்கியவர் 30 கிலோவில் தொடங்கலாம். ஒவ்வொரு பயிற்சியிலும் ஓரிரு செட் போதும். ஒரே தசைக்கு மீண்டும் வேலை கொடுக்க 48 மணி நேரமாவது இடைவெளி விடலாம். 'இன்னும் கொஞ்சம் செய்யலாம்' என்று தோன்றும்போதே நிறுத்திக்கொள்வது முதல் இரண்டு வாரங்களுக்கு நல்லது.

வலி வந்த பிறகு படுத்தே கிடக்க வேண்டியதில்லை. மெதுவான நடை இறுக்கத்தைத் தளர்த்தும். கோடாலித் தைலம் தேய்ப்பதும் உருவிவிடுவதும் வலி உணர்வைத் தணிக்கும். தசை தேற நாள் பிடிக்கும். வலி நின்ற பிறகும் பலம் முழுமையாகத் திரும்பச் சில நாள் ஆகலாம் என்பதால் அவசரம் கூடாது. வலி மாத்திரையை, குறிப்பாக நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக்கூடாது.

சோர்வு

தூக்கமும் உணவும் குறைந்தால் சோர்வு கூடும். இரவு ஷிப்டு முடிந்து தூங்காமல் நேரே ஜிம்முக்குப் போவதைவிட, தூங்கி எழுந்து போவது மேல். பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவை. 70 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் உள்ளது. கெம்போங் மீன், கோழி, தெம்பே, பருப்பு, தயிர் ஆகியவற்றைச் சேர்த்தால் டப்பா பவுடர் வாங்காமலே இந்த அளவை எட்டலாம். சிறுநீரக நோயாளிகள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலும் சோர்வு நீங்காவிட்டால் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதிப்பது நல்லது.

எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

சிறுநீர் தே-ஓ போலக் கருத்துப் போவது, கையோ காலோ வீங்கி விறைப்பது, தாங்க முடியாத வலி, தசை அறவே வலுவிழப்பது ஆகியவை சாதாரண வலியின் அறிகுறிகள் அல்ல. தசை பெருமளவில் சிதைந்து, அதிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. கடும் வெயிலும் போதிய நீர் அருந்தாமையும் இந்த ஆபத்தைக் கூட்டும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். சுங்கைப்பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை, கூலிம் மருத்துவமனை, அலோர்ஸ்டாரில் சுல்தானா பாஹியா மருத்துவமனை ஆகியவை உள்ளன.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை உண்பவர்களுக்கு அந்த மருந்தாலும் தசை வலி வரலாம். அதைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றைப் பளு தூக்கிய வலி என்று எண்ணி வீட்டில் காத்திருக்காமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும்.

மற்றபடி, இரண்டாம் நாள் வலி தோல்வியும் அன்று, சாதனையும் அன்று. அடுத்த முறை எடையைக் குறைத்து, அடுத்த வாரமும் ஜிம்முக்குப் போக வேண்டும் என்பதே அதற்குப் பொருள்.