ஆப்பிள் காய்க்காத ஆண்டின் குழந்தை

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டைக்கு ஒரு முன்னோர் உண்டு: ஆப்பிள். பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ரைன் ஆற்றையொட்டிய அல்சாஸ் வட்டாரத்தில் அந்த உறவு இன்னும் மறக்கப்படவில்லை. அங்குள்ள செலஸ்தா நகரின் 1521ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், பண்டிகை மரங்களைக் காவல் காத்த வனக் காவலர்களுக்கு 4 ஷில்லிங் கொடுத்த செலவு பதிவாகியிருக்கிறது. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரைப் பற்றி எழுதிய ஒரு பயணி, வீட்டுக் கூடத்தில் ஊசியிலை மரத்தை நிறுத்தி வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், தங்கத் தகடு, சர்க்கரைப் பண்டங்கள் எல்லாம் தொங்கவிடுகிறார்கள் என்று குறித்து வைத்தார்.

ஏன் ஆப்பிள்? டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நினைவு நாள். அதையொட்டி ஆலயங்களில் ஏதேன் தோட்டத்து நாடகம் நடக்கும். விலக்கப்பட்ட கனி தொங்க ஒரு மரம் வேண்டும். அந்தக் குளிரில் பச்சை மாறாமல் நிற்பது ஊசியிலை மரம்தான். இலையுதிர் காலத்தில் பறித்துப் பத்திரப்படுத்திய சின்னச் சின்னச் சிவப்பு ஆப்பிள்களை அதில் கட்டினார்கள். பக்கத்திலேயே நற்கருணையை நினைவூட்டும் அப்பங்கள். பாவமும் மீட்பும் ஒரே கிளையில் ஆடிய அந்த மரம் நாடக மேடையை விட்டு இறங்கி வீட்டுக் கூடத்துக்கு வந்தபோது, ஆப்பிளும் கூடவே வந்துவிட்டது.

ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தின் பிரசங்கியார் யோகான் கொன்ராட் தன்ஹவர் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இதைக் கண்டித்தார். பொம்மையும் சர்க்கரையும் தொங்கும் மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதைவிட வேத வசனத்தைக் கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர் கருத்து. ஊர் கேட்கவில்லை. அதே ஊர் அதற்கு முன்பே இன்னொரு விஷயத்தில் பிரசங்கியார்களுக்குக் கட்டுப்பட்டிருந்தது. புனிதர் வழிபாட்டை ஏற்காத சீர்திருத்தக்காரர்களின் வற்புறுத்தலால், புனித நிக்கோலாஸ் பெயரில் டிசம்பரில் நடந்த சந்தை 1570இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் குழந்தை இயேசுவின் பெயரில் ஒரு சந்தை வந்தது. இன்று உலகமே திரண்டு வரும் ஸ்ட்ராஸ்பூர்க் கிறிஸ்துமஸ் சந்தையின் பிறப்பு அதுதான். புனிதரை விலக்கினார்கள், வியாபாரிகளை விலக்க முடியவில்லை.

சந்தைக்கு மேலே நிற்கும் பேராலயம் வோஜ் மலையின் இளஞ்சிவப்பு மணற்கல்லால் ஆனது. அதன் ஒற்றைக் கோபுரம் 1439இல் முடிந்தது. உயரம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயரமான கட்டடம் அதுவே. இரண்டாவது கோபுரத்தைக் கட்டவேயில்லை. மழை நனைத்த மாலையில் அந்தக் கல் கறுத்துச் சிவப்பதைக் கீழே நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்தக் கல்லை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கண்ணாடி உருண்டையும் அதே மலையின் பிள்ளை.

ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் வோஜ் மலையின் வடபகுதி. விவசாயத்துக்கு ஏழை மண். ஆனால் கண்ணாடி செய்கிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைத்தது. மணற்கல் உதிர்ந்தால் மணல். காட்டுப் பெரணியை எரித்தால் அதன் சாம்பலில் பொட்டாஷ். உலைக்கு எரிக்க முடிவில்லாத காடு. மைசன்தால் கிராமத்தில் 1704இலும் பக்கத்து ஊரான கோட்சன்ப்ரூக்கில் 1721இலும் கண்ணாடி உலைகள் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டில் கோட்சன்ப்ரூக்கின் சிறப்புத் தொழில் சட்டைப்பைக் கடிகாரக் கண்ணாடிகள். பெரிய உருண்டையாகக் கண்ணாடியை ஊதி, அதன் வளைந்த மேற்பரப்பிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி எடுப்பார்கள். ஆக, மெல்லிய சுவருள்ள கண்ணாடிக் கோளம் ஊதுவது அந்த ஊருக்குப் பழகிப்போன வேலை. அடுத்து வரும் கதையை நான் நம்புவதற்கு இதுவே முதல் காரணம்.

1858இல் கடும் வறட்சி. ஆப்பிள் மரங்கள் காய்க்கவில்லை. மரத்தில் தொங்கவிட ஆப்பிள் இல்லாமல் கிறிஸ்துமஸ் வந்துவிடுமே என்று வருந்திய கோட்சன்ப்ரூக் உலைக்காரர் ஒருவர், ஆப்பிள் அளவில் கண்ணாடியை ஊதித் தொங்கவிட்டார். வாய்வழியாக வந்த ஊர்க்கதை இது. ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில் உள்ள லவ்ஷா கிராமத்தார் தாங்கள் அதற்கு முன்பே கண்ணாடி அலங்காரங்கள் செய்ததாகச் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் கண்ணாடிக் குழாயை விளக்குச் சுடரில் இளக்கி ஊதுகிறவர்கள். இவர்கள் உலையிலிருந்து நேரே கண்ணாடியை எடுத்து ஊதுகிறவர்கள். ஒரே பொருள் இரண்டு மலைகளில் இரண்டு விதமாகப் பிறந்தது என்று ஏற்பதில் எனக்குத் தடையில்லை. லவ்ஷாவின் பிள்ளை கப்பலேறி அமெரிக்கக் கடைகளுக்குப் போய்ப் பெரும்பெயர் எடுத்தது. மைசன்தால் பக்கத்துப் பிள்ளை பெரும்பாலும் சொந்த மண்ணைச் சுற்றியே வளர்ந்தது.

அது பிறக்கும் விதத்தை மைசன்தாலில் இன்றும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். உலையின் வாய் ஆயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வெண்மையாக எரிகிறது. ஊதுகிறவர் நீண்ட இரும்புக் குழலை உள்ளே விட்டுச் சுழற்றுகிறார். வெல்லப்பாகின் பதத்தில் இருக்கும் கண்ணாடி நுனியில் சுற்றிக்கொள்கிறது. வெளியே எடுத்த கணத்திலிருந்து அவர் கை நிற்பதில்லை. சுழற்றாமல் விட்டால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொய்ந்துவிடும். முதலில் ஒரு சிறிய ஊது, உள்ளே ஒரு குமிழி. பிறகு அதை அச்சுக்குள் இறக்குகிறார். உதவியாள் அச்சின் இரண்டு பாதிகளையும் மூடுகிறார். இப்போது பலமான ஊது. அச்சு திறந்தால் உருண்டையோ, ஊசியிலைக் காயோ, வேறெதுவோ வெளிவருகிறது. அதை அப்படியே காற்றில் விட முடியாது. வெளிப்புறம் சட்டென்று குளிர்ந்து உட்புறம் சூடாக இருந்தால் உள்ளழுத்தத்தால் தானே வெடித்துவிடும். அதனால் இன்னோர் அடுப்பில் வைத்து மெல்ல மெல்லச் சூட்டை இறக்குகிறார்கள்.

பளபளப்பு அடுத்த கட்டம். வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபொன் லீபிக் 1835இல் கண்ட வழி அது: வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து வெள்ளியைப் பிரித்துக் கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகப் படியவைக்கலாம். கண்ணாடிக்காரர்களைப் பாதரச நஞ்சிலிருந்து விடுவித்த கண்டுபிடிப்பு அது. உருண்டைக்குள் கரைசலை ஊற்றிச் சுழற்றினால் உட்சுவர் கறுத்து, மங்கி, திடீரென்று முகம் பார்க்கும் ஆடியாகிறது. கடைசியாகக் கழுத்தை வெட்டி உலோக மூடியும் கம்பி வளையமும் பொருத்துகிறார்கள். ஆப்பிளுக்குக் காம்பு வைத்தாயிற்று.

இந்த உருண்டைகள் மரத்தில் தொங்கிய வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன, நாடுகள்தான் மாறின. 1871இல் அல்சாஸும் மைசன்தால் இருக்கும் லொரேன் பகுதியும் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டன. 1918இல் மீண்டும் பிரான்ஸ். 1940இல் ஹிட்லரின் ஜெர்மனி. ஸ்ட்ராஸ்பூர்க் 1944 நவம்பர் 23 அன்று விடுதலை பெற்றது. 1871க்குப் பிறகு ஜெர்மன் ஆட்சியை ஏற்காமல் ஊரைவிட்டுப் போன அல்சாஸ் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் மரத்தைப் பாரிஸுக்கும் கொண்டுபோயின. இரண்டாம் உலகப்போரில் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் கழற்றப்பட்டு, ஜெர்மனியின் ஹைல்பிரான் உப்புச் சுரங்கத்துக்குள் அடைபட்டன. போர் முடிந்தபின் அமெரிக்க ராணுவத்தின் கலைப் பாதுகாப்புப் பிரிவினர் மீட்டு அனுப்பினார்கள்.

உருண்டையை வீழ்த்தியது போர் அல்ல. பிளாஸ்டிக் மலிந்த காலத்தில், 1964இல், கோட்சன்ப்ரூக் அதை ஊதுவதை நிறுத்தியது. ஐந்தாண்டு கழித்து, 1969இல், மைசன்தாலின் உலையும் அணைந்தது. அது சாதாரண உலை அல்ல. எமில் காலே என்ற பெருங்கலைஞர் தன் கண்ணாடிப் படைப்புகளை 19ஆம் நூற்றாண்டில் அங்கே செய்வித்திருக்கிறார். இருநூற்றைம்பது ஆண்டுத் தொழில் ஓய்ந்தால் கட்டடம் மிஞ்சும், அச்சுகள் மிஞ்சும். எந்தப் பதத்தில் எடுப்பது, எப்போது மூச்சை நிறுத்துவது என்பது மட்டும் மனிதர்களோடு போய்விடும். ஒரு தலைமுறை முழுதாகக் கடந்துவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

மைசன்தால் அந்தத் தலைமுறை கடப்பதற்குள் விழித்துக்கொண்டது. 1992இல் பழைய தொழிற்சாலையில் சர்வதேசக் கண்ணாடிக் கலை மையம் தொடங்கியது. மூடிய தொழிற்சாலைகளிலிருந்து பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்தார்கள். 1990களின் இறுதியில் உருண்டை மறுபடி ஊதப்பட்டது. இதை வெறும் பழம்பெருமை மீட்பு என்று நான் எண்ணவில்லை. உலை எரிவதால் இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. வேலை இருப்பதால் தொழில் கையில் இருக்கிறது.

டிசம்பர் நெருங்கும்போது உருண்டைகள் அட்டைப் பெட்டிகளில் மலையிறங்குகின்றன. ஸ்ட்ராஸ்பூர்க்கில் க்ளேபேர் சதுக்கத்தில் சுமார் 30 மீட்டர் உயர மரம் நிற்கிறது. பேராலயத்தைச் சுற்றியும் ப்ரோக்லி சதுக்கத்திலும் ஏறக்குறைய 300 மரக்கடைகள். இலவங்கப்பட்டையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சிய சூடான திராட்சை மது, இஞ்சி ரொட்டி, அல்சாஸ் வீடுகளில் டிசம்பர் முழுக்கச் சுடும் ப்ரெடல் பிஸ்கட். கூட்டத்தோடு கூட்டமாக நகரும்போது பளபளக்கும் எதையும் வாங்கத் தோன்றும். ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உருண்டை கையில் சூடும் குளிரும் இல்லாமல் இருக்கும். ஊதிய கண்ணாடி சில்லென்றிருக்கும். சுவரின் தடிமன் இடத்துக்கு இடம் மயிரிழை மாறும். விலை அதிகம்தான். அதில் ஒருவரின் நாள்கூலியும் உலையின் எரிபொருளும் அடங்கியிருக்கின்றன என்பதால் அந்த விலை நியாயம் என்று சொல்வேன். வாங்கினால் அதன் மூடியைக் கழற்றாதீர்கள். ஈரம் உள்ளே போனால் வெள்ளி கறுத்துவிடும்.

மையத்தார் அவ்வப்போது வடிவமைப்பாளர்களை அழைத்துப் புதிய உருவங்களும் வரையச் சொல்கிறார்கள். தாளில் அழகாக இருக்கும் சில வடிவங்களின் மூலைகளுக்குள் கண்ணாடி போக மறுக்கும். சில அச்சிலிருந்து பிரியாமல் உடையும். வரைந்தவரும் ஊதுகிறவரும் உலையின் முன் நின்று பேசி, அச்சைத் திருத்தி, மறுபடி ஊதிப் பார்க்கிறார்கள்.