பள்ளி விடும் நேரத்தில் வந்த பனிப்புயல்

2014 ஜனவரியில் அமெரிக்கா உறைந்தபோது "போலார் வோர்டெக்ஸ்" என்ற பெயரை டிவிக்காரர்கள் ஊரெல்லாம் பரப்பினார்கள். ஏதோ புதுவகைப் புயல் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட துருவத்துக்கு மேலே சுற்றும் காற்றுச் சுழல்தான் அது. வேகமாகச் சுற்றும்வரை கடுங்குளிர் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். சுழல் தளர்ந்தால் தெற்கே வழியும். 2019 ஜனவரி 30 அன்று சிகாகோவில் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ்! ஆனால் முன்கூட்டியே பள்ளிகளுக்கு லீவு விட்டுவிட்டார்கள்.

1888-ல் அப்படிச் சொல்ல ஆளில்லை. அன்றைய குளிருக்கும் இந்தச் சுழல்தான் காரணமா என்று அளந்து பார்க்க வழியும் இல்லை. ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்று ஓர் அடுக்கு இருப்பதே 1902-ல்தான் தெரியவந்தது.

அந்த வருடம் ஜனவரி 12. டகோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகளில் பல நாள் குளிருக்குப் பிறகு காலையில் இதமான வெயில். பிள்ளைகள் கனத்த கோட்டு இல்லாமலே பள்ளிக்குப் போனார்கள். (நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.) அப்போது வானிலை பார்த்தது ராணுவத்தின் சிக்னல் பிரிவு. அவர்கள் குளிர் அலை எச்சரிக்கை அனுப்பத்தான் செய்தார்கள். ஆனால் தந்தி ரயில் நிலையத்தோடு நின்றுவிடும். வயல் நடுவே இருக்கும் ஒற்றை அறைப் பள்ளிக்கு யார் போய்ச் சொல்வது?

பல ஊர்களில் பள்ளி விடும் நேரத்தில் புயல் வந்தது. மாவு போன்ற பனித்தூள். நீட்டிய கை தெரியாது. இறந்தவர்கள் சுமார் 235 பேர் என்பது பொதுவான கணக்கு. நிறைய பேர் வீடு திரும்பிய பிள்ளைகள்.

நெப்ராஸ்காவில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியையின் பள்ளிக் கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. பிள்ளைகளைப் பக்கத்துப் பண்ணை வீட்டுக்கு அழைத்துப்போய்க் காப்பாற்றினார். நாடே கொண்டாடியது, பாட்டுகூடப் போட்டார்கள். எல்லோரையும் கயிற்றில் கட்டி அழைத்துப்போனார் என்பது மட்டும் கட்டுக்கதை போலத்தான் படுகிறது.

அதே மாநிலத்தில் பிளெயின்வியூ பக்கம் லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியை. பள்ளியில் விறகு தீர்ந்துவிட்டது. அவர் தங்கியிருந்த வீடு நூறு மீட்டருக்குள். மூன்று பிள்ளைகளோடு கிளம்பினார், வழி தவறியது. இரவு முழுக்க திறந்தவெளியில் கிடந்தார்கள். மூன்று பிள்ளைகளும் அவர் பக்கத்திலேயே இறந்தார்கள். அவர் பிழைத்தார், கால் பாதங்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டு பேரும் எடுத்தது ஒரே முடிவு. ராய்ஸ் என்ன தப்பு செய்தார் என்று எத்தனை யோசித்தும் எனக்குப் புரியவில்லை.