சந்தா ரத்தும் தானியங்கிப் புதுப்பிப்பும் (இந்தியா)

இணையவழிச் சந்தாவை நிறுத்திக்கொள்ளவும், விரும்பாத புதுப்பிப்புக்காகப் பிடிக்கப்பட்ட பணத்தைத் திரும்பக் கேட்கவும் இந்திய நுகர்வோருக்கு உள்ள உரிமைகள் ஒரே சட்டத்தில் அடங்கியவை அல்ல. கணக்கிலிருந்து பணம் வெளியேறும் வழியை ரிசர்வ் வங்கியின் விதிகள் காக்கின்றன. விற்பவரின் நடத்தையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. முதலாவது வலுவானது, இரண்டாவது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

வார இதழுக்கு மணியார்டரில் சந்தா கட்டிய காலத்தில், அடுத்த ஆண்டுப் பணம் போய்ச் சேராவிட்டால் இதழ் நின்றுவிடும். வாசகர் சும்மா இருந்தாலே சந்தா முடிந்தது. செயலிகளின் காலத்தில் இது தலைகீழானது: சும்மா இருந்தால் சந்தா தொடரும், பணமும் போகும். ‘முதல் மாதம் இலவசம்’ அல்லது ‘ஒரு ரூபாய் மட்டும்’ என்ற அழைப்பை ஏற்று ஓடிபியோ யுபிஐ பின்னோ போடுபவர், பெரும்பாலும் அந்த ஒரு ரூபாய்க்குத்தான் ஒப்புதல் தந்ததாக நினைக்கிறார். உண்மையில் அவர் ஒப்புக்கொண்டது, மாதந்தோறும் பணம் எடுத்துக்கொள்ளும் ஓர் ஆணைக்கு. வங்கிகள் இதை இ-மேண்டேட் என்கின்றன. மக்கள் வழக்கில் ஆட்டோபே.

கார்டுகளுக்கான இ-மேண்டேட் விதிகளை ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்ட் 21 அன்று வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் யுபிஐக்கும் விரித்தது. கெடு சிலமுறை நீட்டிக்கப்பட்டு, 2021 அக்டோபர் 1 முதல் அவை கண்டிப்பாக அமலாயின. ஓடிபி இல்லாமல் பிடிக்கக்கூடிய தொகை முதலில் 2,000 ரூபாயாக இருந்தது. பின்னர் 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. காப்பீட்டுப் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது.

இவ்விதிகளின் உயிர்நாடி முன்னறிவிப்பு. பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே, யார் எடுக்கிறார், எவ்வளவு, எப்போது, எதற்காக என்பதைக் கார்டு தந்த வங்கி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தியைப் பார்த்ததும் அந்த ஒரு தவணையையோ முழு ஆணையையோ மறுத்துவிடலாம். ஆணையை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். விற்பவரின் சம்மதம் தேவையில்லை. இந்த வசதிக்காக வங்கி கட்டணம் வாங்கவும் கூடாது. தொகை மாறக்கூடிய ஆணை என்றால் உச்ச வரம்பை வாடிக்கையாளரே வைக்கலாம். அவசரத்தில் பலரும் படிக்காமல் கடந்துபோகும் வரி அதுதான். படித்தே ஆக வேண்டிய வரியும் அதுதான்.

இங்கே சந்தாவையும் ஆணையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் சந்தாவும் நிற்காது, ஆணையும் நிற்காது. ஆணையை மட்டும் ரத்து செய்தால் பணம் போவது நிற்கும். ஆனால் ஓராண்டுக்கு ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் என்றால் மீதியைக் கேட்டு நிறுவனம் வரலாம். ஆகவே நிறுவனத்திடம் சந்தாவையும், வங்கியிலோ யுபிஐ செயலியிலோ ஆணையையும் தனித்தனியே முடிப்பதே பாதுகாப்பு. ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகளின் வழியே கட்டணம் செலுத்தி எடுத்த சந்தாவை அந்தக் கடைக் கணக்கில் போய் நிறுத்த வேண்டும். ரத்தானதைக் காட்டும் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது பின்னால் வரும் வழக்குக்குப் பாதி சாட்சி.

விற்பவர் பக்கம் முக்கியமானது, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள். நுகர்வோரை ஏமாற்றும் 13 வகைத் திரை வடிவமைப்புகளை அவை தடை செய்கின்றன. சந்தாப் பொறி அவற்றுள் ஒன்று: ரத்து செய்யும் வழியை மறைப்பது, சுற்றி அலையவிடுவது, இலவசச் சந்தாவுக்கே கட்டண விவரம் கேட்டுக் கட்டாயப்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் தொடர் ஒப்பந்தம் விற்பவர் தளத்திலேயே ரத்துப் பொத்தானும் வைத்தாக வேண்டும். நம் விதிகள் இப்படி ஒரு பொத்தானை வெளிப்படையாகக் கேட்காதது பெரிய குறை.

பணம் போன பிறகு எங்கே முறையிடுவது என்பது, தவறு யாருடையது என்பதைப் பொறுத்தது. முன்னறிவிப்பே வராமலோ, ஆணையை ரத்து செய்த பிறகோ பணம் பிடிக்கப்பட்டால் பதில் சொல்ல வேண்டியது வங்கி. அனுமதியற்ற பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்த ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இ-மேண்டேட்டுக்கும் பொருந்தும். குறையில் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் பங்கில்லாத நேர்வில், தகவல் வந்து மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. வங்கியின் குறை என்றால் தெரிவிக்கத் தாமதமானாலும் இழப்பில்லை. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் கடமையும் வங்கியையே சேரும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம்.

முன்னறிவிப்பு வந்தும் கவனிக்காமல் விட்டிருந்தால் வங்கியைக் குறை சொல்வது கடினம். அப்போது விற்பவரிடம்தான் கேட்க வேண்டும். எல்லாச் சந்தாவுக்கும் பொதுவான, பிடிக்காவிட்டால் சில நாளில் முழுப்பணத்தையும் திரும்பப் பெறும் உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. நிறுவனத்தின் விதிமுறையும் அது சந்தாவை விற்ற விதமும் வைத்தே கோர வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் முதல் படி. அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டியதும் இல்லை. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், தென்காசியில் குடியிருப்பவர் தம் பகுதிக்குரிய ஆணையத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யலாம்.